சோடா மெஷின் குளிரவில்லையா? கேஸ் போடும் முன் இதையெல்லாம் பாருங்கள்

சிவனொளிபாதமலை சீசன் தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது நல்லதண்ணியில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் போன் பண்ணினார். காசு போட்டால் கேன் விழும் பழைய குளிர்பான மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். அமெரிக்காவில் ஓடிய மெஷின்; கொழும்பில் கைமாறி, லொறியில் கினிகத்தேனை வளைவுகளைத் தாண்டி மேலே வந்திருக்கிறது. லைட் எரிகிறது, உள்ளே ஏதோ ஓடுகிற சத்தமும் கேட்கிறது. ஆனால் விழுகிற நெக்டோ வெதுவெதுப்பாகவே இருக்கிறது. "தம்பி, ரெண்டு தரம் கேஸ் போட்டாச்சு. இன்னொரு தரம் போட்டுப் பார்ப்பமா?" என்று கேட்டார்.

போய்க் கதவைத் திறந்து, அடியில் இருந்த தகட்டைக் கழற்றினேன். கூலிங் காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கல் மாதிரி ஐஸ் உறைந்திருந்தது. அதற்குள் ஃபேன் இறக்கை பாதி புதைந்து அசையாமல் நின்றது. கதவு ரப்பரின் கீழ்மூலையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். இரவெல்லாம் அந்த வழியாகத்தான் மலைப்பனி உள்ளே போயிருக்கிறது. கேஸில் ஒரு குறையும் இருந்திருக்கவில்லை. இரண்டு தரம் போட்டதில் இப்போது அது கூடிப்போய் இன்னொரு பழுதாகிவிட்டது.

இந்த மாதிரி பார்த்துப் பார்த்து மனசு வலித்துத்தான் இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் எல்ல, நானுஓயா, ஹட்டன், பண்டாரவளை என்று சுற்றுலாக்காரர்கள் வருகிற இடமெல்லாம் பழைய மெஷின் வாங்கி வைக்கிறார்கள். குளிரவில்லை என்றதும் முதலில் வருகிற யோசனை "கேஸ் போயிருக்கும்" என்பதுதான். குளிரூட்டும் இந்தக் கேஸ் ஓடுவது முழுக்க மூடி ஒட்டிய பைப்புக்குள். பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை அது. ஓட்டை விழுந்தால்தான் குறையும். ஆகவே அதைக் கடைசியில் பார்க்கலாம். காற்றும் கரண்டும்தான் முதலில்.

கை வைப்பதற்கு முன்

ஒரு வெறும் மெஷினே 270 முதல் 400 கிலோ வரை இருக்கும். ஒருபோதும் தனியாகச் சாய்க்காதீர்கள், ஆட்டாதீர்கள். மெஷின் சாய்ந்து விழுந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். மலைச்சரிவில் இருக்கும் கடைகளில் தரை சமமாக இருப்பது அபூர்வம். அடிக்கால்களைத் திருகிச் சமப்படுத்திவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

எர்த் வயர் கட்டாயம் இருக்க வேண்டும், ட்ரிப் சுவிட்சும் வேலை செய்ய வேண்டும். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மெஷினைத் தொடும் முன் அதை மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஈரச் சீமெந்துத் தரையில் நின்றுகொண்டு தகர உடம்பைத் தொடுகிற வேலை இது. பிளக்கைக் கழற்றிய பிறகும், கம்பிரசர் தொடங்க உதவும் கப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். அதன் கால்களை ஸ்க்ரூடிரைவரால் தட்டி இறக்காதீர்கள். பழைய 230 வோல்ட் குண்டு பல்பு ஒன்றின் இரண்டு வயரை, உலோகம் கையில் படாமல், சில வினாடி பிடித்தால் அமைதியாக இறங்கிவிடும். இந்த அளவுக்குப் பழக்கமில்லாதவர்கள் ரிலே (கம்பிரசரைத் தொடக்கும் சுவிட்ச்), கப்பாசிட்டர் பகுதியைத் தெரிந்தவரிடம் விடுங்கள். மற்றதெல்லாம் நீங்களே செய்யக்கூடியவை.

லொறியில் படுக்கவைத்துக் கொண்டுவந்த மெஷினை வந்த கையோடு ஓட்டக் கூடாது. கேஸை அழுத்தித் தள்ளும் கம்பிரசருக்குள் இருக்கும் எண்ணெய் பைப்புக்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். அந்த ஒரு நாளில் மற்றதைப் பார்க்கலாம், குறிப்பாகப் பிளேட்டை.

பிளேட்டைப் படியுங்கள்

கதவின் உள்பக்கத்திலோ பின்புறத்திலோ ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் வோல்ட், ஹெர்ட்ஸ், ஆம்பியர், கேஸின் பெயர், கேஸின் எடை எல்லாம் அச்சடித்திருக்கும். போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு தகடு துருப்பிடித்துப் படிக்க முடியாமல் போனாலும் படம் இருக்கும்.

நம் நாட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க மெஷின் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பான் மெஷின் 100 வோல்ட். அங்கே கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60 என்பதால், ஜப்பான் தகட்டில் 50/60 என்று இரண்டையும் போட்டிருந்தால் நமக்கு நல்லது. இந்த இரண்டு வகைக்கும் வோல்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இந்த டிரான்ஸ்ஃபோமர்தான். தகட்டில் 10 ஆம்பியர் என்று இருக்கிறது, 115ஆல் பெருக்கினால் 1,150 வாட், ஆகவே 1,500 வாட் டிரான்ஸ்ஃபோமர் போதும் என்று கணக்குப் போடுவார்கள். கம்பிரசர் தொடங்கும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சின்ன டிரான்ஸ்ஃபோமரில் அந்த நொடி வோல்ட் சரிந்துவிடும். கம்பிரசர் முனகும், ஆனால் தொடங்காது. குறைந்தது 2 கேவிஏ, அதாவது 2,000 வாட் அளவு, எடுங்கள். 3 கேவிஏ என்றால் நிம்மதி.

டிரான்ஸ்ஃபோமர் வோல்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்குச் செய்த மோட்டார் 50இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். குளிரூட்டும் சக்தியும் அந்த அளவு குறையும். அதோடு 115 வோல்டை அப்படியே கொடுத்தால் மோட்டாரின் இரும்பு தாங்காமல் சூடாகும். வோல்டையும் ஹெர்ட்ஸையும் ஒரே விகிதத்தில் குறைத்தால் 96 வோல்ட் வருகிறது. ஆகவே டிரான்ஸ்ஃபோமரில் 100, 110 என்று இரண்டு முனை இருந்தால் 60 ஹெர்ட்ஸ் மெஷினை 100இல் போடுங்கள். கம்பிரசரில் கை வைக்க முடியாத சூடு, மணிக்கு நாலைந்து தரம் ஓவர்லோட் (சூடேறினால் கம்பிரசரை நிறுத்தும் சுவிட்ச்) விழுவது என்றிருந்த மெஷின்கள் இந்த ஒரு மாற்றத்திலேயே அடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையிலேயே குளிரவில்லையா?

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் மலையகத்தில் இது அவசியமான கேள்வி. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆண்டு முழுக்கச் சராசரி வெப்பம் 16 டிகிரியை ஒட்டித்தான். தை மாத இரவில் கடைக்குள்ளேயே 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். செத்த மெஷினிலிருந்து எடுத்த கேனும் காலையில் கைக்குச் சில்லென்று இருக்கும். வாங்கும்போது ஏமாறுவது இப்படித்தான். விற்கிறவர் விடியற்காலையில் காட்டுவார், கேன் குளிர்ந்திருக்கும். மத்தியானம் வெயில் ஏறியதும் உண்மை தெரியும்.

கையை நம்பாதீர்கள். ஒரு சாதாரண தெர்மோமீட்டரை, தண்ணீர் நிரப்பிய போத்தலுக்குள் போட்டு, மெஷினின் அடித்தட்டில் அடுத்து விழப்போகும் கேனுக்குப் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்றை வெளியே நிழலில் வையுங்கள். நன்றாக ஓடும் மெஷினில் உள்ளே 1 முதல் 4 டிகிரி வரை இருக்கும். உள்ளும் வெளியும் ஒரே அளவு காட்டினால் மெஷின் ஒன்றுமே செய்யவில்லை. வெளியே 22, உள்ளே 12 என்றால் அரைகுறையாகச் செய்கிறது. இந்த இரண்டுக்கும் பழுது வேறு வேறு.

அடித்தட்டில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான சோடா மெஷின்கள் அடுத்து விழப்போகும் கேன்கள் இருக்கும் கீழ்ப்பகுதியைத்தான் நன்றாகக் குளிரவைக்கும். மேல்தட்டில் கேன் வெதுவெதுப்பாக இருப்பது பழுதில்லை. புதிதாக நிரப்பிய மெஷின் முழுதாகக் குளிர ஒரு நாள் எடுக்கும். நிரப்பி இரண்டு மணி நேரத்தில் "குளிரவில்லை" என்று கழற்றத் தொடங்காதீர்கள்.

கரண்டை மாலையில் அளந்து பாருங்கள்

தோட்டப் பக்கம் லைன் நீளம். மாலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் லைட்டும் டீவியும் போட்டதும் வோல்ட் இறங்கும். காலையில் 230 காட்டிய அதே சொக்கெட் இரவு ஏழரைக்கு 195 காட்டியதை என் மீட்டரிலேயே கண்டிருக்கிறேன். பல்பு எரியும், போன் சார்ஜ் ஆகும். கம்பிரசருக்கு மட்டும் தொடங்கப் பலம் போதாது.

ஆகவே மல்டிமீட்டரை இரண்டு தரம் வையுங்கள்: ஒன்று பகலில், ஒன்று இரவு ஏழிலிருந்து ஒன்பதுக்குள். அளக்கும்போது கம்பிரசர் தொடங்குகிற நேரத்தைக் கவனியுங்கள். தொடங்கும் நொடியில் கொஞ்சம் விழுந்து உடனே ஏறினால் சரி. விழுந்து அங்கேயே நின்றால் வயர் மெல்லியது, அல்லது பிளக் கருகியிருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் மெஷின் ஓட்டவே கூடாது. ராத்திரி வோல்ட் தொடர்ந்து 205க்குக் கீழே என்றால் மெஷினுக்கென்று ஒரு ஸ்டெபிலைசர் வாங்குங்கள். அதில் கரண்ட் போய் வந்ததும் ஐந்து நிமிடம் தாமதித்துக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த ஐந்து நிமிடம் ஏன் என்றால், கம்பிரசர் நின்ற உடனே பைப்பின் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். சமமாக நேரம் வேண்டும். அதற்குள் மறுபடி கரண்ட் வந்தால் தள்ள முடியாமல் முனகி ஓவர்லோட் விழும். காற்றும் மழையுமாகக் கரண்ட் வந்து வந்து போகிற நாட்களில் பிளக்கைக் கழற்றி வைப்பது எவ்வளவோ நல்லது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கும்போதும் அப்படித்தான். மின்னலில் முதலில் போவது கன்ட்ரோல் போர்ட், பழைய மெஷினுக்கு அது கிடைப்பது கஷ்டம்.

காற்று

மெஷின் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. அள்ளுவதற்கு உள்ளே ஒரு காயிலும் ஃபேனும், கொட்டுவதற்கு வெளியே ஒரு காயிலும் ஃபேனும். இந்த இரண்டில் எது அடைபட்டாலும் கேஸ் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

வெளிக்காயிலான கண்டென்சரை முதலில் பாருங்கள். டோர்ச் லைட்டை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அடைபட்டிருக்கிறது. விறகடுப்பு உள்ள கடை என்றால் புகைக்கரியும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். மென்மையான பிரஷால் தகடுகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் தட்டி எடுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் தெளித்து, மோட்டாரில் படாமல் கழுவி, காயவிடுங்கள். பின்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். குளிரூர்தானே என்று பலகைச் சுவரோடு ஒட்டி வைப்பார்கள். சுவருக்கும் மெஷினுக்கும் இடையில் தேங்கும் சூட்டுக்கு ஊரின் குளிர் தெரியாது.

அடுத்தது உள்ளே. கதவைத் திறந்ததும் சில மெஷின்களில் ஃபேன் நின்றுவிடும், கதவோரத்தில் இருக்கும் சின்ன சுவிட்ச் அதைச் செய்கிறது. அதை விரலால் அழுத்திப் பிடித்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள். காற்று வராவிட்டால் பிளக்கைக் கழற்றி இறக்கையைக் கையால் சுற்றுங்கள். இலேசாகச் சுற்ற வேண்டும். கரகரவென்று இழுத்தால் ஃபேன் மோட்டாரின் காலம் முடிந்துவிட்டது. இந்த மோட்டார் மலிவு, கொழும்புக்குப் போகாமல் ஹட்டனிலோ கண்டியிலோ தேடலாம். மாற்றும்போது வோல்டும், சுற்றும் திசையும், இறக்கையின் அளவும் பொருந்த வேண்டும். திசை மாறினால் ஃபேன் சுற்றிக்கொண்டேயிருக்கும், காற்று மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

காயில் ஐஸ்கட்டியாக இருந்தால் கத்தியால் குத்தாதீர்கள். ஒரு குத்தில் பைப் ஓட்டையானால் மெஷின் முடிந்தது. பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்துவைத்து, ஒரு இரவு முழுக்க விடுங்கள். அடியில் சாக்கு போடுங்கள், வாளி வாளியாகத் தண்ணீர் வரும். வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

ஐஸ் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்காமல் ஓட்டினால் பத்து நாளில் மறுபடி வரும். நம் ஊரில் முதல் சந்தேகம் கதவு ரப்பர். ஒரு கடுதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்து இழுக்க வேண்டும். நாலு பக்கமும் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தரம் இப்படிச் செய்யுங்கள். இரவில் கடையை இருட்டாக்கி, மெஷினுக்குள் டோர்ச்சை எரியவிட்டுக் கதவை மூடினால் ஓட்டை எங்கே என்று வெளிச்சமே காட்டும். காய்ந்து சுருங்கிய ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒற்றி நிமிர்த்தலாம். கிழிந்ததை மாற்றத்தான் வேண்டும். கேன் விழும் வாசலில் இருக்கும் சின்னக் கதவையும் மறக்காதீர்கள். ஸ்பிரிங் தளர்ந்து அது அரைவாசி திறந்தே கிடக்கும், மிஸ்ட் இறங்கும் ஊரில் அது போதும்.

தெர்மோஸ்டாட்டும் உயரமும்

பழைய மெஷின்களில் திருகுகிற தெர்மோஸ்டாட். அதிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் கம்பிக் குழாய் போய்க் காயிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். லொறிப் பயணத்தில் அந்தக் குழாய் இடம் மாறியிருந்தால் தெர்மோஸ்டாட்டுக்குத் தவறான செய்தி போகும். அது இருக்க வேண்டிய பொந்தில் இருக்கிறதா, எங்கேயும் மடங்கி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழுதா என்று அறிய, பிளக்கைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டின் இரண்டு வயரையும் எடுத்துவிட்டு ஓம் மீட்டரை வையுங்கள். மெஷின் சூடாக இருக்கும்போது மீட்டர் பூச்சியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் தெர்மோஸ்டாட் போய்விட்டது.

இந்தத் தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் சின்னத் துருத்தி வெளிக்காற்றின் அழுத்தத்தோடு போட்டி போட்டு வேலை செய்கிறது. மேலே வர வர வெளிக்காற்று மெலிகிறது. அதனால் கொழும்பில் 2 டிகிரியில் நின்ற அதே திருகு நுவரெலியாவில் இன்னும் கீழே போய்த்தான் நிற்கும். கம்பிரசர் அதிக நேரம் ஓடும், காயில் ஐஸ் பிடிக்கும், பிறகு காற்று அடைபட்டுக் கேன் குளிராது. அதிகமாகக் குளிர்ந்ததாலேயே குளிராமல் போகும் நிலை இது. கொழும்பிலிருந்து வந்த மெஷினை மேலே வைத்ததும் திருகைக் கொஞ்சம் சூட்டுப் பக்கம் திருப்பி, இரண்டு நாள் தெர்மோமீட்டரைப் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

புதிய மெஷினில் கன்ட்ரோல் போர்டும் சென்சரும். சென்சரைக் கழற்றி ஓம் மீட்டரில் பிடித்து, அதன் முனையை உள்ளங்கையில் பொத்திக்கொள்ளுங்கள். எண் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போனால் சென்சர் உயிரோடு இருக்கிறது. நமது மிஸ்ட்டில் அதன் பின்கள் பச்சை பூத்திருக்கும், சுரண்டித் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். இன்னொன்று: சில போர்டுகளில் கரண்ட் மிச்சம் பிடிக்க, குறித்த மணி நேரத்துக்குக் கம்பிரசரை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்கும். கடிகாரம் இன்னும் பழைய ஊரின் நேரத்தில் ஓடினால் நம் மத்தியானத்தில் மெஷின் தூங்கும். செட்டிங்கில் போய் அதை நிறுத்துங்கள்.

டிக் என்ற சத்தம்

கம்பிரசர் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். "ம்ம்ம்" என்று சில வினாடி முனகி, "டிக்" என்று ஒரு சத்தம், பிறகு அமைதி, சில நிமிடம் கழித்து மறுபடி முனகல் என்றால் கம்பிரசர் தொடங்க முயன்று தோற்கிறது. வோல்ட் சரி என்று முன்பே பார்த்துவிட்டோம். மிச்சம் ரிலே, கப்பாசிட்டர், கம்பிரசர் மூன்றுதான்.

பிளக்கைக் கழற்றி, கப்பாசிட்டரில் தங்கிய கரண்டை இறக்கி, கம்பிரசரின் பக்கத்து மூடியைத் திறங்கள். சின்னக் கறுப்புப் பெட்டி மாதிரி ரிலே செருகியிருக்கும். அதை எடுத்துக் காதோரம் குலுக்குங்கள். இது வில்லை உள்ள வகை என்றால் சத்தமே வரக்கூடாது. கலகல என்று உடைந்த ஓட்டுத்துண்டு மாதிரிச் சத்தம் கேட்டால் உள்ளே வில்லை நொறுங்கியிருக்கிறது. எரிந்த வாசனையும் வரும். புது ரிலே போட்டால் மெஷின் எழுந்துவிடும். கப்பாசிட்டர் தலை வீங்கியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ சோதிக்கவே வேண்டாம், மாற்றுங்கள்.

ரிலேயை எடுத்ததும் மூன்று பின் தெரியும். இரண்டிரண்டாக ஓம் அளந்தால் மூன்று எண் வரும். பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டலாக இருக்க வேண்டும். அப்படி வந்தால் உள்ளே கம்பிச்சுற்று நல்லது. கடைசியாக ஒவ்வொரு பின்னுக்கும் சுரண்டிய செப்புப் பைப்புக்கும் இடையில் அளந்து பாருங்கள். அங்கே எந்த எண்ணும் வரக்கூடாது. வந்தால் கம்பிரசர் உடம்போடு கரண்ட் பேசுகிறது என்று அர்த்தம். அந்த மெஷினை மறுபடி பிளக்கில் போடாதீர்கள்.

கம்பிரசர் செத்துவிட்டால் அதே 115 வோல்ட் கம்பிரசரைத் தேடி அலையாதீர்கள். இங்கே கிடைக்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கம்பிரசரைப் போடுங்கள். டிரான்ஸ்ஃபோமரின் சுமையும் குறையும், லைட்டுக்கும் ஃபேனுக்கும் சின்னது போதும். வீட்டுப் பிரிஜ்ஜின் கம்பிரசரை மட்டும் போட்டுவிடாதீர்கள், அது இந்த வேலைக்குச் சின்னது. தகட்டில் எத்தனை ஹோர்ஸ்பவர் என்று பார்த்து, பானக் கூலருக்குரிய வகையாகக் கேளுங்கள். கம்பிரசரும் கேஸும் கூலியும் சேர்ந்து மெஷின் வாங்கிய விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இப்போது கேஸைப் பற்றிப் பேசலாம்

கம்பிரசர் ஓடுகிறது, இரண்டு ஃபேனும் சுற்றுகிறது, ஐஸ் இல்லை, ரப்பர் நல்லது. இருந்தும் குளிரவில்லை. அப்படியானால் மெஷினை அரை மணி நேரம் ஓடவிட்டு உள்காயிலைப் பாருங்கள். காயில் முழுக்கச் சீராகப் பனி பூத்தால் கேஸ் சரியாக இருக்கிறது. நுழைகிற இடத்தில் மட்டும் ஒரு சாண் பூத்து மற்றது வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு, அல்லது மெல்லிய கேப்பிலரிக் குழாய் அரைவாசி அடைப்பு. ஒன்றுமே பூக்காமல் கண்டென்சரும் சூடேறாமல் இருந்தால் கேஸ் முழுக்கப் போய்விட்டது, அல்லது கம்பிரசர் ஓடுகிறதே தவிர அழுத்துவதில்லை. நன்றாகக் குளிர்ந்து, குளிர்வது நின்று, சூடேறி, மறுபடி தானாகக் குளிர்ந்தால் உள்ளே ஈரம் புகுந்து கேப்பிலரி வாயில் உறைகிறது.

ஓட்டையைத் தேடும்போது பைப் ஒட்டுகளில் எண்ணெய்க் கறை பாருங்கள். வளைவு வளைவாகக் குலுங்கி வந்த மெஷினில் பைப்பும் பைப்பும் உரசித் தேய்ந்த இடம் இருக்கும், சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். ஓட்டையை ஒட்டாமல் கேஸ் போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

கேஸ் போட வருகிறவரிடம் நீங்கள் கவனிக்க வேண்டியவை சில. தகட்டில் ஆர் 134ஏ என்று இருந்தால் அதையே போட வேண்டும், எடைபோட்டுப் போட வேண்டும். தராசு இல்லாமல் மீட்டர் முள்ளைப் பார்த்து மட்டும் போடுகிறவரை அனுப்பிவிடுங்கள். காரணம் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் மெஷினில் இந்தக் கேஸின் அழுத்தம் சுற்றுச் சூட்டைப் பொறுத்தது. 30 டிகிரிக் கொழும்பில் 97 பிஎஸ்ஐ காட்டும் அதே அளவு கேஸ், 15 டிகிரி நுவரெலியாவில் 60 பிஎஸ்ஐ அளவில்தான் காட்டும். கீழே பழகிய கண்ணுக்கு அது குறைவாகத் தெரியும். "கேஸ் பத்தாது" என்று இன்னும் ஏற்றுவார். நல்லதண்ணி மெஷினில் கேஸ் கூடியது அப்படித்தான்.

பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேக்குவம் பம்ப் போடும்போதும் இதே மாதிரி ஒரு குழப்பம் வரும். கடலோரத்தில் முள் 29, 30 அங்குலம் வரை இறங்கும். நுவரெலியா உயரத்தில் 24ஐ ஒட்டி நின்றுவிடும், ஹட்டனில் 26க்குப் பக்கத்தில். பம்ப் பழுது என்று நினைக்க வேண்டாம், இங்கே காற்றே அவ்வளவுதான். முள் நின்ற பிறகும் அரை மணிக்குக் குறையாமல் பம்பை ஓடவிட்டு, ஈரத்தைப் பிடிக்கும் பில்டர் டிரையரையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். நமது ஈரத்தில் இது மிக முக்கியம்.

தகட்டில் ஆர் 12 என்றிருந்தால் அது பழைய மெஷின். அந்தக் கேஸ் 2010க்குள் உலகம் முழுக்க நிறுத்தப்பட்டது. வேறு கேஸுக்கு மாற்ற எண்ணெயையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், செலவை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர் 290, ஆர் 600ஏ என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் கேஸ், பக்கத்தில் பைப் ஒட்டும் டோர்ச் நெருப்பு வேண்டாம். ஆர் 744 என்றிருந்தால் உள்ளே இருப்பது கார்பன் டைஒக்சைட். அதன் அழுத்தம் ஆர் 134ஏயைப்போலப் பத்து மடங்கு, சாதாரண மீட்டரும் குழாயும் வெடித்துவிடும். அதைப் பழகியவர் மட்டும் தொட வேண்டும். எந்த மெஷினிலும், யார் சொன்னாலும், சமையல் கேஸைப் போட விடாதீர்கள். குளிரும், உண்மைதான். ஆனால் இந்த மெஷினின் ரிலேயிலும் தெர்மோஸ்டாட்டிலும் கதவு சுவிட்சிலும் ஒவ்வொரு தரமும் பொறி பறக்கிறது. மூடிய பெட்டிக்குள் கேஸ் கசிந்து தேங்கினால் உங்கள் கடை மட்டுமல்ல, பக்கத்துக் கடையும் போகும்.

வேலை முடிந்ததும்

அன்றே நிரப்பாதீர்கள். அடித்தட்டில் மட்டும் நாலைந்து கேன் வைத்து ஓட்டுங்கள். ஒரு கொப்பியில் இரண்டு மணிக்கு ஒரு தரம் உள்சூடு, வெளிச்சூடு, வோல்ட் மூன்றையும் எழுதுங்கள். கம்பிரசர் எத்தனை நிமிடம் ஓடி எத்தனை நிமிடம் நிற்கிறது என்றும் குறியுங்கள். ஓடி, நின்று, மறுபடி ஓடினால் மெஷின் தன் வேலையை அறிந்திருக்கிறது. நிற்காமலே ஓடினால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று இன்னும் மிச்சம், முதலில் ரப்பரையும் கண்டென்சரையும் மறுபடி பாருங்கள். நல்லதண்ணி அண்ணனின் மெஷினில் கூடுதல் கேஸை எடுத்து, தகட்டில் உள்ள எடைக்கு மறுபடி போட்டு, ரப்பரை மாற்றி, தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு இப்படித்தான் கொப்பி எழுதவைத்தேன். மாலை நாலு மணிக்கு உள்ளே 17 டிகிரி. இரவு பத்துக்கு 8. விடியற்காலை ஐந்துக்கு, மலை ஏறி இறங்கியவர்கள் கடை வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது, 3.